யாரும் அமுக்காத கட்டைவிரல்

சண்டைக்கு வருகிறவர்கள் படியேறும் சத்தமே தனி. பார்சல் எடுக்க வருகிறவன் இரண்டிரண்டு படியாகத் தாவி வருவான். வாடகை கேட்க வருகிறவர் நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு வருவார். அன்று காலை ஏறியவர்கள் ஒவ்வொரு படியையும் மிதித்து மிதித்து ஏறினார்கள். நான் கொக்கி தைத்துக்கொண்டிருந்த ஊசியைத் துணியிலேயே குத்திவைத்தேன். சண்டை என்று வந்துவிட்டால் எனக்குக் கை ஓடாது, காது மட்டும்தான் வேலை செய்யும்.

அந்த மாடி அறை ஒரு பெயின்ட் கடைக்கு மேலே இருந்தது. தகரக் கூரை. வெயில் ஏற ஏறக் கீழேயிருந்து தின்னர் வாடை படி வழியாக மேலே வந்து உட்கார்ந்துகொள்ளும். மழை வரும் வரும் என்று வானம் மூடிக்கிடந்ததே தவிர ஒரு சொட்டு விழவில்லை. மின்விசிறி போட்டால் வெட்டிவைத்த துணி பறக்கும், போடாவிட்டால் ஆள் வேகும். துணிதான் முக்கியம் என்று முடிவாகி வெகுகாலம் ஆகிவிட்டது.

அறைக்கு எஜமானி மாஸ்டரக்கா. கட்டிங் மாஸ்டர் என்று ஆண்களைச் சொல்வது வழக்கம். இவர் ஒரு கம்பெனியில் ஆண்களுக்கு நடுவே நின்று வெட்டிப் பேர் வாங்கியவர் என்பதால் அந்தப் பட்டம் கூடவே வந்துவிட்டது. அவர் புருஷன் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்சல் கட்டுவார். எந்நேரமும் கையில் ஒட்டும் டேப்பு, எந்நேரமும் அதைக் கிழிக்கிற சத்தம். நான் மனதுக்குள் அவரை டேப்புக்காரர் என்றுதான் சொல்வேன். அவர் தம்பி மூலையில் கம்ப்யூட்டரோடு இருப்பான். படித்தவன், சாதுவான முகம், யார் எது கேட்டாலும் ஒரு சிரிப்பு. கடை நடப்பது அந்தக் கம்ப்யூட்டரில்தான். தெருவில் எங்களுக்கு ஒரு பலகைகூடக் கிடையாது.

பலகை வைத்து விற்கிற சரக்கும் இல்லை. மார்பில் கட்டி வந்து ஆபரேஷன் செய்துகொண்ட பெண்களுக்கான உள்ளாடை. எடுத்துவிட்ட பக்கத்தில் உள்ளே ஒரு பை இருக்கும், அதில் மார்பு வடிவில் ஒரு பஞ்சுத் திண்டைச் செருகிக்கொள்ளலாம். தோள்பட்டை அகலமாக இருக்க வேண்டும், தழும்பு படுகிற இடத்தில் தையல் வரவே கூடாது. சாதாரணத் தையல்காரர் அந்த இடத்தில் துணியை மடித்து ஒரு பிடிப்பைப் போட்டு மூடிவிடுவார். மாஸ்டரக்கா துணியின் போக்கிலேயே அதை வளைத்துக் கொண்டுவருவார். வெட்டும்போது அவர் நாக்கு நுனி வெளியே எட்டிப் பார்க்கும். அப்போது பேச்சுக் கொடுத்தால் கடித்துக் குதறிவிடுவார்.

கடையைக் கம்ப்யூட்டரில் திறந்தபோது மாஸ்டரக்கா ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார். "அவங்களை எதையும் எழுத வைக்காத தம்பி. எந்தப் பக்கம் எடுத்தாங்க, எவ்வளவு எடுத்தாங்கன்னு ஒரு பொம்பளை தன் கையால எழுதறது எவ்வளவு கஷ்டம்னு உனக்குத் தெரியாது. அவங்க பாட்டுக்குப் பார்த்து, அளவை மட்டும் சொல்லி வாங்கிட்டுப் போகட்டும்" என்றார். அதனால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பக்கம். இடது முழுவதும் எடுத்தவர்களுக்கு ஒன்று, வலது முழுவதும் எடுத்தவர்களுக்கு ஒன்று, இரண்டும் எடுத்தவர்களுக்கு, பாதி எடுத்தவர்களுக்கு, ஆபரேஷன் ஆகிப் புண் ஆறாதவர்களுக்கு. பெண்கள் போன் செய்து அதற்காகவே நன்றி சொல்வார்கள். மாஸ்டரக்கா நாள் முழுக்க அதை நினைத்துச் சிரித்துக்கொண்டிருப்பார்.

எல்லாப் பக்கத்திலும் கீழே ஒரு கட்டைவிரல் படம் இருந்தது. சமூக வலைத்தளத்துக்காரர்கள் கொடுப்பது. பிடித்திருந்தால் அமுக்கலாம். யார் அமுக்குவார்கள்? மார்பை எடுத்த கதையை ஊருக்குத் தண்டோரா போடவா? கடை திறந்ததிலிருந்து ஒருத்திகூட அமுக்கியதில்லை. அது பாட்டுக்குக் கிடக்கிறது என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். எல்லாரும் என்றால், தம்பியைத் தவிர.

படியேறி வந்தவர்கள் தம்பிக்குப் பேசி முடித்திருந்த பெண்ணின் அம்மாவும் மாமாவும். டேப்புக்காரர் எழுந்து நாற்காலியைத் துடைத்தார்.

"உட்காருங்க, டீ சொல்றேன்."

"டீ குடிக்க வரல" என்றார் மாமா. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் சொன்னார்.

அம்மா உட்காரவில்லை. கைப்பையிலிருந்து ஒரு போனை எடுத்து நேராக மாஸ்டரக்காவிடம் நீட்டினார். "என் பொண்ணோட போன். இதுல என்ன வருதுன்னு பாருங்க."

மாஸ்டரக்கா சாக்பீஸ் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். கீமோவுக்குப் பிறகு முடி வளர ஒரு எண்ணெய். மார்பை இழந்தவர்கள் கூடிப் பேசுகிற ஒரு குழு. உங்களைப் போன்ற பெண்களுக்காக என்று போட்டு ஒரு ஆஸ்பத்திரி. தள்ளத் தள்ள அதேதான் வந்தது.

"என் தங்கச்சி வீட்டுக்கு வந்திருந்தா" என்றார் அம்மா. "பாட்டுக் கேக்கணும்னு இவ போனை வாங்கினா. வாங்கினவ பாட்டா கேட்டா? அன்னைக்குச் சாயங்காலமே சொந்தக்காரங்க பூராவும் துக்கம் விசாரிக்க ஆரம்பிச்சுட்டாங்க. பொண்ணுக்கு என்னமோ இருக்கு, மறைச்சுக் கட்டிக்குடுக்கப் பார்க்கிறாங்கன்னு பேச்சு."

மாமா தம்பி பக்கம் திரும்பினார். "நான் சுத்தி வளைக்க மாட்டேன் மாப்பிள்ளை. பொண்ணு ஒண்ணு சொல்றா. நீங்க உங்க கடை லிங்க்கை அனுப்பினீங்களாம். என் வேலையைப் பாருன்னு சொன்னீங்களாம். அவ போய்ப் பார்த்தாளாம். அதுக்கப்புறம்தான் இதெல்லாம் வருதாம். அப்படி வருமா? ஆமான்னா ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் போய் எல்லார் வாயையும் மூடிட்டு வந்துடறேன்."

கேட்டது ஒரு வார்த்தை. தம்பி அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் டேப்பைப் பார்த்தார். பிறகு தம்பி அந்தச் சிரிப்பைச் சிரித்தான்.

"ஒரு தடவை பார்த்ததுக்கெல்லாம் இப்படி வராதுங்க."

"வராதா?"

"எங்க கடைக்கு எத்தனையோ பேர் வராங்க. யாரும் இப்படிச் சொன்னதில்ல."

"அப்ப எதனால வருது?"

"தெரியலைங்க. வேற எங்கயாவது தேடியிருக்கலாம். டாக்டர், டெஸ்ட்டு, அந்த மாதிரி."

அம்மாவின் முகம் செத்துப்போய்விட்டது. பெற்ற மகள்மேல் கொஞ்ச நஞ்சம் இருந்த நம்பிக்கையையும் எங்கள் அறையில் வைத்து உருவிக்கொண்டு அனுப்புகிறான் இவன். எனக்கு அப்போது விஷயம் தெரியாது. ஆனாலும் அந்தச் சிரிப்பைப் பார்த்தால் ஏதோ பூசி மெழுகுகிறான் என்று மட்டும் தோன்றியது.

டேப்புக்காரர் சும்மா இருந்திருக்கலாம். இருப்பாரா? "நாங்க ஒண்ணும் தப்பா நினைக்கலைங்க. இந்தத் துணி தைக்கிறவங்க நாங்க, எங்களுக்குத் தெரியாததா? ஒரு டெஸ்ட் எடுத்துக் காட்டிட்டா எல்லாருக்கும் நிம்மதி."

"யாருக்கு நிம்மதி?" என்றார் அம்மா.

அம்மா மாஸ்டரக்காவின் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார். மாமா பின்னால் போனார். இறங்கும்போது படி சத்தமே போடவில்லை.

மாஸ்டரக்கா மேஜைக்குத் திரும்பினார். அடுக்கிவைத்த துணிமேல் வெட்டு அட்டையை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். கத்தரியைத் தொடவில்லை.

"தம்பி, வருமா வராதா?"

"எது அண்ணி?"

"என்கிட்டயே மென்னு முழுங்காத. நம்ம பக்கத்தைப் பார்த்தா அந்தப் பொண்ணு போன்ல அப்படி வருமா, வராதா?"

"அது பல காரணத்தால..."

"நான் தினமும் நம்ம பக்கம் எல்லாத்தையும் திறந்து பார்க்கிறேன். படம் சரியா இருக்கா, அளவு சரியா இருக்கான்னு. என் போன்லயும் இதே எண்ணெய்தான் வருது. இதே ஆஸ்பத்திரிதான் வருது. எல்லார் போன்லயும் அப்படித்தான் வரும்னு நினைச்சுட்டிருந்தேன்." என் பக்கம் திரும்பினார். "உன் போன்ல என்னடி வருது?"

"கொசுவலை" என்றேன். உண்மை அதுதான்.

மாஸ்டரக்கா நாற்காலியை இழுத்துப்போட்டு தம்பிக்கு எதிரே உட்கார்ந்தார். அவர் வேலை நேரத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"சொல்லு."

தம்பி சொல்ல ஆரம்பித்தான். பிடுங்கிப் பிடுங்கித்தான் வந்தது. "அந்தக் கட்டைவிரல் நம்மகிட்ட இருக்கிற படம் இல்ல அண்ணி. ஒவ்வொருத்தர் பக்கத்தைத் திறக்கும்போதும் வலைத்தளத்துக்காரங்க இடத்துல இருந்து வந்து உட்காரும். வரும்போது யார் திறந்திருக்காங்க, எந்தப் பக்கம் திறந்திருக்காங்கன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுடும்."

"அமுக்காமலேவா?"

"அமுக்கினா ஊருக்குத் தெரியும். அமுக்கலைன்னா அவங்களுக்கு மட்டும் தெரியும்."

"அவங்களுக்கு மட்டும்! அது என்ன, உன் பெரியப்பா வீடா?"

"அவங்க விளம்பரத்துக்கு வெச்சுக்குவாங்க. உலகத்துல எல்லாக் கடையும் இப்படித்தான் அண்ணி. செருப்புக் கடையில செருப்புப் பார்த்தா செருப்பு விளம்பரம் வரலையா?"

"செருப்பும் இதுவும் ஒண்ணா?" மாஸ்டரக்கா குரல் ஏறியது. "எந்தப் பக்கம்னு தெரியும்னா, என்ன தெரியும்? உள்ள என்ன இருக்குன்னும் தெரியுமா?"

"பக்கத்தோட பேர் தெரியும்."

"பேர் என்ன வெச்ச?"

தம்பி கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினான். மேலே பக்கத்தின் முகவரி ஒரு நீண்ட வரியாக ஓடியது. கடைசியில் மாஸ்டரக்கா தன் வெட்டு அட்டைகளில் எழுதிவைத்திருந்த அதே சொற்கள். இடது, முழுசா எடுத்தது. அவன் அதை அப்படியே ஒவ்வொரு பக்கத்துக்கும் பேராக வைத்திருந்தான். அடையாளம் கண்டுபிடிக்கச் சுலபம் என்று.

மாஸ்டரக்கா அந்த வரியைப் படித்தார். அடுத்த பக்கத்தைத் திறக்கச் சொன்னார். அதையும் படித்தார். கடைசிப் பக்கம் வரை திறக்கச் சொல்லிப் படித்தார்.

"அவங்க தன் கையால எழுத வேண்டாம்னுதான் தனித்தனியா வைக்கச் சொன்னேன்" என்றார். "அவங்க எழுதாததை நாம எழுதி அனுப்பியிருக்கோம்."

அந்தத் தனிப் பக்கங்கள் இல்லாமல், எல்லாத் துணியும் ஒரே பக்கத்தில் குவிந்து கிடந்திருந்தால் இவ்வளவு துல்லியமாகப் போயிருக்காது. மாஸ்டரக்காவின் நல்ல மனசுதான் அவர்களை இனம் பிரித்துக் காட்டிக்கொடுத்திருக்கிறது. இதை அவரிடம் நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, அவர் முகத்திலேயே இருந்தது.

"இதுக்குச் சட்டம்னு ஒண்ணு கிடையாதா?"

"இருக்கு" என்றான் தம்பி, மேஜையைப் பார்த்துக்கொண்டு. "முதல்ல கேக்கணும். என்ன போகுது, யாருக்குப் போகுதுன்னு சொல்லணும். வர்றவங்க சரின்னு சொன்ன பிறகுதான் அந்த பட்டனையே ஏத்தணும்."

"யார் கேக்கணும்? வலைத்தளத்துக்காரனா?"

"கடைக்காரங்க."

"அவன் எடுத்துக்கிறான், நாம ஏன் கேக்கணும்னு சொல்ல முடியாதா?"

"முடியாது அண்ணி. அங்க போன பிறகு அவன் என்ன பண்றான்கிறது அவன் பொறுப்பு. இங்கிருந்து வாங்கி அனுப்பற வரைக்கும் நாமளும் பொறுப்பு. பட்டனை வெச்சது நாமதானே."

"எவ்வளவு அழகா ஒப்பிக்கிற. எப்ப இருந்து தெரியும்?"

அவன் மேஜைமேல் இருந்த தூசியை விரலால் துடைத்தான்.

"தம்பி, எப்ப இருந்து தெரியும்?"

"சைட்டுக்கு இடம் குடுத்த கம்பெனிக்காரன் மெயில் போட்டிருந்தான். அதான் அடியில ஒரு வரி போட்டேனே."

அந்த வரியைக் காட்டச் சொன்னோம். போன் நம்பருக்கும் கீழே, வெள்ளையில் வெளிர்ச் சாம்பல் நிறத்தில், எறும்பே கண்ணாடி போட்டுக்கொண்டுதான் படிக்க வேண்டும். சேவையை மேம்படுத்தத் தகவல்கள் பகிரப்படலாம் என்று இருந்தது.

"யார் தகவல்? யாருக்கு?" என்று கேட்டார் மாஸ்டரக்கா. "எவளாவது இதைப் படிச்சிருப்பாளா? நானே இன்னைக்குத்தான் பார்க்கிறேன்."

அதுவரை டேப்புக் கிழித்துக்கொண்டிருந்தவர் இப்போது எழுந்து வந்தார். "போதும் விசாரணை. நீ துணி வெட்டு. அந்தக் கட்டைவிரலாலதான் நம்ம விளம்பரம் சரியான பொம்பளைங்க கண்ணுல படுது. வாங்க வர்றவங்க யார் யார்னு அவனுக்குத் தெரிஞ்சாத்தானே அதே மாதிரி ஆளுங்களைத் தேடிப் பிடிச்சுக் காட்டுவான்? எங்க கிடைக்கும்னு தெரியாம அலையற பொம்பளைங்களுக்கு அது உதவி இல்லையா?"

"உதவின்னா கேட்டுட்டுப் பண்ணு."

"கேட்டா எவ சரிம்பா?"

"அதைத்தான் நானும் சொல்றேன். கேட்டா எவளும் சரின்னு சொல்ல மாட்டா. அது தெரிஞ்சுதான் கேக்கல."

மடக்கிவிட்டால் டேப்புக்காரர் எப்போதும் செய்வதையே செய்தார். கத்தினார். கடை என்ன வானத்திலிருந்து குதித்ததா என்றார், உனக்குக் கத்தரி பிடிக்கத் தெரியும், வியாபாரம் தெரியுமா என்றார், இந்த அறை, இந்த மெஷின், இதோ கொக்கி தைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே இவள், எல்லாம் எதனால் என்றார். என்னை இழுத்ததில் எனக்குக் கோபம் வந்தாலும் பயமும் வந்தது. ஆர்டர் இல்லாவிட்டால் கொக்கி இல்லை. மாஸ்டரக்கா கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் என்ன என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். பிறகு அந்த அம்மாவின் முகம் நினைவுக்கு வந்து, ஊசியை எடுத்துக்கொண்டேன்.

மதியம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. டப்பாவைத் திறந்து சோற்றைக் கிளறிவிட்டு மூடினார்கள். தம்பி மட்டும் சாப்பிட்டான். முட்டையைப் பாதியாக வெட்டி, உப்புத் தூவி, நிதானமாக. எனக்கு அந்த முட்டையைப் பிடுங்கிக் கீழே எறிய வேண்டும்போல இருந்தது.

அவன் கை கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் தம்பிக்குப் பேசியிருந்த அந்தப் பெண் வந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. யூனிபார்ம் சட்டையோடு, சாப்பாட்டு நேரத்தில் ஓடிவந்திருக்கிறாள். வாசற்படியிலேயே நின்றாள்.

"உள்ள வாம்மா" என்றார் மாஸ்டரக்கா.

"இருக்கட்டுங்கக்கா. இவர்கிட்ட ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன்." தம்பியைப் பார்த்தாள். "நான் டாக்டரைத் தேடினேன்னு எங்க அம்மாகிட்ட சொன்னீங்களா?"

"தேடியிருக்கலாம்னுதான் சொன்னேன். தேடினேன்னு சொல்லல."

"நான் என்ன பார்த்தேன்னு உங்களுக்குத் தெரியாது?"

"கோவப்படாத. உட்கார்ந்து பேசுவோம்."

"நீங்க அனுப்பின லிங்க்கைத் தொட்டேன். முதல்ல வந்தது இடது பக்கம் எடுத்தவங்களுக்கு உள்ளது. அண்ணி வெட்டினதுன்னு சொல்லியிருந்தீங்க. தையல் எப்படிப் போகுதுன்னு பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பார்த்தேன். நல்லாருக்குன்னு உங்களுக்கே மெசேஜ் போட்டேன். இருக்கா, அழிச்சுட்டீங்களா?"

தம்பி ஈரக் கையைத் துடைக்கத் துணி தேடினான். ஒரு துணிக் கடலுக்கு நடுவே நின்றுகொண்டு அவனுக்குத் துடைக்கத் துணி கிடைக்கவில்லை.

"மாமா முன்னாடி நான் என்ன பண்ணட்டும்? அவர் நாலு இடத்துல சொல்வார். கடை பேர் கெட்டுப்போயிடும். ரெண்டு நாள் போனா எல்லாரும் மறந்துடுவாங்க."

"மறக்கலைன்னா டெஸ்ட் எடுக்கணும். அப்படித்தானே?"

"அது அண்ணன் சொன்னது."

"நீங்க என்ன சொன்னீங்க? வேண்டாம்னு சொன்னீங்களா?" அவள் டேப்புக்காரர் பக்கம் திரும்பினாள். "எனக்கு ஒண்ணும் இல்லன்னு காட்டறதுக்கு நான் யார் முன்னாடி சட்டையைக் கழட்டணுங்க? நீங்களே சொல்லுங்க."

டேப்புக்காரர் ஒரு பார்சலை எடுத்து, ஏற்கெனவே ஒட்டிய இடத்திலேயே மறுபடி ஒட்ட ஆரம்பித்தார்.

மாஸ்டரக்கா தன் போனை எடுத்தார். "உங்க அம்மா நம்பரைச் சொல்லு."

"அண்ணி, வேண்டாம்" என்றான் தம்பி.

"ஏய், சும்மா இரு" என்றார் அவர் புருஷன்.

மாஸ்டரக்கா யாரையும் பார்க்கவில்லை. எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார். "காலையில வந்துட்டுப் போனீங்களே, அந்தக் கடையிலிருந்துதாங்க பேசறேன். உங்க பொண்ணு சொன்னது நிஜம். எங்க பக்கத்தைப் பார்த்ததாலதான் அதெல்லாம் வருது. அவங்க எதையும் தேட வேண்டியதில்ல. நாங்க வெச்சிருக்கிற ஒரு பட்டன் அனுப்பிடுது. அவங்ககிட்ட நாங்க கேக்கவும் இல்ல, சொல்லவும் இல்ல. தப்பு எங்களோடது."

அந்தப் பக்கத்திலிருந்து, "இதைக் காலையில சொல்ல வாய் இல்லையா?" என்று வந்தது.

"காலையில எனக்குத் தெரியாதுங்க."

"உங்க கொழுந்தனுக்கு?"

மாஸ்டரக்கா தம்பியைப் பார்த்தார். ஏதாவது சொல்லிக் காப்பாற்றுவார் என்று அவன் நினைத்தான் என்று நினைக்கிறேன்.

"தெரியும்" என்றார்.

போன் வைக்கப்பட்டது. அந்தப் பெண் அழுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள், கண்ணாடிக்கு அளவு பார்க்கிறவள் மாதிரி.

"அந்தக் கட்டைவிரலுக்கு என்னைத் தெரியாது, சொல்லிடுச்சு. உங்களுக்கு என்னைத் தெரியும், நீங்க சொல்லல. இனிமே எங்க வீட்டுக்கு யாரும் வர வேண்டாம்."

"ஒரு பட்டனுக்காகவா?" என்றான் தம்பி. அந்தச் சிரிப்பு முகத்தில் பாதியில் நின்றிருந்தது.

அதற்குள் அவள் இறங்கிவிட்டாள். கண்ணாடிக் கடையில் சாப்பாட்டு நேரம் முடிந்திருக்கும்.

அதற்குப் பிறகு அந்த அறையில் நடந்ததை எல்லாம் எழுதினால் அச்சுக் கோக்கிறவர் வெட்கப்படுவார். டேப்புக்காரர் வாய்க்கு வந்தபடி பேசினார். தம்பி கல்யாணத்தைக் கெடுத்த பாவி என்றார். மாஸ்டரக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கத்தரியை எடுத்துத் துணியில் சுற்றி, மேஜை இழுப்பறைக்குள் வைத்து மூடினார்.

"அந்த பட்டனை எடுக்கற வரைக்கும் வெட்ட மாட்டேன்."

"மிரட்டறியா?"

"ஆமா."

அவர் மிரட்டுவார் என்று டேப்புக்காரர் எதிர்பார்க்கவில்லை. வெட்டு இல்லாவிட்டால் தையல் இல்லை, தையல் இல்லாவிட்டால் டேப்புக்கு வேலை இல்லை. தம்பியிடம் எரிந்து விழுந்தார். "எடுத்துத் தொலைடா."

எடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கிறீர்கள்? நான் ஒரு கொக்கி தைத்து நூலைக் கடிப்பதற்குள் எடுத்துவிட்டான். பக்கத்தைத் திறந்து காட்டினான். கட்டைவிரல் இருந்த இடம் வெறும் வெள்ளையாக இருந்தது. இவ்வளவு சுலபமான வேலையையா இத்தனை காலம் செய்யாமல் இருந்தான் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. பக்கங்களின் பேரையும் மாற்றச் சொன்னார் மாஸ்டரக்கா. வெறும் எண்களாக மாற்றினான்.

"சரி, முடிஞ்சுதா?" என்றார் டேப்புக்காரர்.

"முடியல. இதுவரைக்கும் வந்தவங்களுக்குச் சொல்லணும்."

"பைத்தியமா உனக்கு? எடுத்தாச்சுல்ல? தெரியாதவங்களுக்கு எதுக்குச் சொல்லிக் கலவரம் பண்ணணும்?"

"அவங்களுக்குத் தெரியாதுங்கறதுதாங்க கலவரம்."

தம்பி ஒரு வாசகம் எழுதினான். தொழில்நுட்பக் காரணங்களால் சில விவரங்கள் என்று ஆரம்பித்தது. மாஸ்டரக்கா படித்துவிட்டு, "இது உன் அடி வரி மாதிரியே இருக்கு. அழி" என்றார். பிறகு அவர் சொல்லச் சொல்ல அவன் அடித்தான். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் முதலில் தெரிகிற மாதிரி, பெரிய எழுத்தில்:

"எங்கள் கடையில் நீங்கள் எந்தப் பக்கத்தைப் பார்த்தீர்கள் என்பது, கடை திறந்த நாளிலிருந்து இன்று வரை, உங்களைக் கேட்காமல் ஒரு சமூக வலைத்தளத்துக்குப் போயிருக்கிறது. நீங்கள் எதையும் அமுக்கியிருக்க வேண்டியதில்லை. பட்டனை வைத்தது நாங்கள். இப்போது எடுத்துவிட்டோம். போனதைத் திரும்ப வாங்க எங்களால் முடியவில்லை. உங்களைப் பற்றி வைத்திருப்பதை அழிக்கச் சொல்லி அவர்களிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. எப்படி என்று கேட்டால் சொல்கிறோம். திட்டுவதென்றாலும் இந்த நம்பருக்கே கூப்பிடுங்கள்." கீழே தன் சொந்த நம்பரைப் போட்டார்.

வாங்கினவர்கள் எல்லாருக்கும் அதே வாசகம் தனியாகவும் போயிற்று. மறுநாளிலிருந்து போன் அடிக்க ஆரம்பித்தது. ஆர்டர்கள் குறைந்தன, டேப்புக்காரர் சொன்னது அந்த மட்டும் பலித்தது. பார்சலுக்கு வருகிறவன் வெறுங்கையோடு திரும்பினான். டேப்புக்காரர் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார், என்னோடுகூடப் பேசவில்லை. தம்பி கம்ப்யூட்டர் முன்னால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, எப்படி அழிக்கச் சொல்லிக் கேட்பது என்று ஒவ்வொருத்திக்கும் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தான்.

மாஸ்டரக்கா எந்த அழைப்பையும் அறைக்குள் பேசவில்லை. போன் அடித்தால் கத்தரியை வைத்துவிட்டு வெளியே போய், படிக்கட்டின் மேல்படியில் நின்று பேசுவார். அவர்கள் சொல்வது வேறு யார் காதிலும் விழக் கூடாதாம். அதனால் எனக்கு அவர் பேசுவது மட்டும்தான் கேட்கும். பெரும்பாலும் "ஆமாங்க", "தப்புதாங்க", "திட்டுங்க" என்றுதான் கேட்டது. சிலர் வெகுநேரம் திட்டினார்கள். ஒருத்தி, இதுவரை தைத்து வாங்கின எல்லாவற்றையும் வெட்டிப்போட்டுவிட்டேன் என்றாளாம். அதை மட்டும் என்னிடம் சொன்னார். பேர் சொல்லவில்லை.

அப்படி ஒரு நாள் மதியம் ஒரு போன் வந்தது. இவர் எழுந்து போனார். வழக்கம்போல "ஆமாங்க, எதையும் அமுக்க வேண்டியதில்ல" என்றார். பிறகு குரல் மாறியது.

"யாரும் சொல்லியிருக்க வேண்டியதில்லம்மா. அதுவே காட்டியிருக்கும். உங்க மாமியார் வீட்டுல எல்லாரும் பார்க்கிற கம்ப்யூட்டர்லயும் அந்த விளம்பரமெல்லாம் வந்திருக்கும்."

அந்தப் பக்கம் சொன்னதைக் கேட்டு அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"உங்க தங்கச்சிகிட்ட மட்டும்தான் சொல்லியிருந்தீங்களா?"

நான் ஊசியை நிறுத்தினேன்.

"அவங்கதான் வெளியில சொல்லிட்டாங்கன்னு நினைச்சீங்களா? இல்லம்மா. அவங்க சொல்லல. சத்தியமா அது நாங்க பண்ணினதுதான். அவங்களோட பேசறதில்லையா? எவ்வளவு நாளாச்சு?"

மாஸ்டரக்காவின் குரல் அவசரப்பட்டது. "அம்மா, நான் சொல்றதைக் கேளுங்க. என்னை அப்புறம் திட்டிக்கலாம். இந்தப் போனை வெச்சுட்டு முதல்ல உங்க தங்கச்சிக்குப் போடுங்க. இப்பவே போடுங்க. நான் வேணும்னா அவங்ககிட்ட பேசறேன், எங்க தப்புன்னு நானே சொல்றேன்."

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, மாஸ்டரக்கா மேல்படியில் உட்கார்ந்தார். டேப்புக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"எப்பம்மா இறந்தாங்க?" என்று கேட்டார் மாஸ்டரக்கா.